ஐ.சி.யூ.வில் காய்ச்சல்: உடம்பை வெளியிலிருந்து குளிரவைப்பது யாருக்கு, எப்படி?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் உறவினர்களுக்குப் புரியாத காட்சி ஒன்று உண்டு. நிமோனியாவோடு வந்தவருக்கு 102 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல். அவர்மேல் ஒரு ஈரத்துணிகூடப் போடவில்லை. பக்கத்துப் படுக்கையில் தொப்பூர் கணவாயில் விபத்தாகித் தலையில் அடிபட்டவர். அவருக்கு 100தான், ஆனால் குளிர்ந்த நீர் ஓடும் விரிப்பைப் போர்த்தி, மணிக்கு மணி சூடு பார்க்கிறார்கள். "எங்க ஆளை மட்டும் ஏன் கண்டுக்க மாட்டேங்கறாங்க?" என்று உறவினர் கேட்பது இயல்புதான். புதிதாக ஐ.சி.யூ. பணிக்கு வந்த செவிலியருக்கும் இதே குழப்பம் வரும். இருவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் சென்சார் இருக்கிறது. மட்டம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்தான் உடம்புக்கு அந்த சென்சார். வழக்கமாக அது 37 டிகிரி செல்சியஸில், அதாவது 98.6 பாரன்ஹீட்டில் நிற்கும். கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்கள் சில பொருள்களை விடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் இ2 சுரந்து, சென்சாரை 39-க்குத் தூக்கிவிடுகிறது. உடம்பு 37-இல் இருந்தாலும் "2 டிகிரி குறைச்சல்" என்று மூளை கணக்குப் போடுகிறது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்குகின்றன, சூடு ஏறுகிறது. காய்ச்சல் ஏறும்போது கம்பளி கேட்டு நடுங்குவது இதனால்தான்.

இப்போது இந்த ஆளுக்கு ஐஸ் வைத்தால் என்ன ஆகும்? சென்சாரை மேலேயே விட்டுவிட்டுக் கீழே குழாயைத் திறந்தது போலத்தான். தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் இன்னும் வேகமாக ஓடும். பாராசிட்டமால் செய்வது வேறு வேலை. அது புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து சென்சாரையே கீழே இறக்குகிறது. வெயில் தாக்கிய நோயாளியிடம் கதை தலைகீழ்: சென்சார் 37-இல் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே வரும் சூடுதான் வெளியேறும் வழியைவிட அதிகம். அவருக்கு எத்தனை பாராசிட்டமால் கொடுத்தாலும் பயனில்லை. குழாயைத் திறப்பது, அதாவது வெளியிலிருந்து குளிரவைப்பது ஒன்றே வழி. மூன்றாவது ஒருவர், வென்டிலேட்டரில் ஆழ்ந்த மயக்க மருந்தில் இருப்பவர். அவருடைய மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். சென்சார் மேலே இருந்தாலும் அவரால் நடுங்கிச் சூடேற்ற முடியாது, அதனால் வெளிக்குளிர்வு அவரிடம் வேலை செய்யும்.

இந்த மூவரையும் பிரித்துப் பார்த்தபிறகுதான் துணியை நனைக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் பொதுவாக 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 பாரன்ஹீட் தொட்டால் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடத் தொடங்குவார்கள். காரணம் தேடுவது வேறு, குளிரவைப்பது வேறு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் ஆக்சிஜன் செலவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். இதயமும் நுரையீரலும் தாங்கக்கூடிய நிலையில் இருந்தால் அந்தச் செலவை உடம்பு ஏற்றுக்கொள்ளும், கிருமியை எதிர்க்க அந்தச் சூடு கொஞ்சம் உதவவும் செய்யும். நிமோனியாக்காரரை 102-இல் விட்டுவைத்ததன் காரணம் அது. ஆனால் நடுக்கம் வந்தால் ஆக்சிஜன் செலவு இரண்டு, மூன்று மடங்காகிவிடும். ஒரு டிகிரியைக் குறைக்கப் போய் நடுக்கத்தை வரவழைத்தால் நோயாளிக்கு நட்டம்தான்.

அடிபட்ட மூளை கொஞ்சம் சூட்டையும் தாங்காது. தலைக்காயம், பக்கவாதம், இதயம் நின்று மீட்கப்பட்டவர் என இவர்களிடம் காய்ச்சல் மூளை வீக்கத்தையும் செல் சேதத்தையும் கூட்டக்கூடும். இதயம் நின்று மீண்டவர்களை 33 டிகிரிவரை குளிரவைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. சுமார் 1,900 பேரைச் சேர்த்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிரவைத்தவர்களுக்கும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. இப்போது பெரும்பாலும் 37.5-ஐ ஒட்டித் தாண்டவிடாமல் வைப்பதே இலக்கு. செப்டிக் ஷாக், அதாவது கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்துவிடும் நிலை பற்றி 2012-இல் பிரான்சிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மயக்க மருந்தில், வென்டிலேட்டரில் இருந்த 200 பேரில் ஒரு பாதியினரை 48 மணி நேரம் 36.5 முதல் 37 டிகிரிக்குள் வெளிக்குளிர்வால் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்தின் தேவை சீக்கிரம் குறைந்தது. 14 நாள் இறப்பு 34 சதவீதத்திலிருந்து 19 ஆனது, ஆனால் மருத்துவமனையை விட்டுப் போகும் நேரத்தில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. இதிலிருந்து எல்லாக் காய்ச்சலுக்கும் ஐஸ் என்று முடிவுகட்டக் கூடாது. ரத்த அழுத்தம் ஏற்றும் நார்அட்ரினலின் அதிகம் ஓடுகிற, ஃபியூஸ் பிடுங்கப்பட்ட நோயாளிக்குச் சில நாள் குளிர்வு கைகொடுக்கலாம் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் தனியாகச் சொல்லவேண்டிய சூடு ஒன்று உண்டு. தக்காளி, மா, மலர்த்தோட்டங்கள் உள்ள ஊர்களிலிருந்து பூச்சிமருந்து விஷத்தோடு வருகிறவர்களுக்கு அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஓடும். அதன் அளவு மிஞ்சினால் வியர்வை அடியோடு நின்று, தோல் காய்ந்து கொதிக்கும். நாடி ஓடும், கண்மணி விரியும், வயிற்றில் இரைச்சல் கேட்காது, சிறுநீர் அடைக்கும், நோயாளி பிதற்றுவார், காற்றில் எதையோ பிடிப்பார். இதைக் கிருமிக் காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் அட்ரோபினை நிறுத்தி, அடையாளங்கள் தணிந்தபின் குறைந்த அளவில் தொடங்குவார். அதுவரை தோலை நனைத்து விசிறுவது மிக நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நின்றுபோன வியர்வையை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

முதலில் சரியான அளவீடு

தொட்டுப் பார்த்துச் சொல்லவே கூடாது. ஷாக்கில் இருப்பவரின் கைகால் சில்லென்று இருக்கும், உள்ளே 39.5 எரிந்துகொண்டிருக்கும். அக்குள் தெர்மாமீட்டர் உண்மையான உள்சூட்டைவிட அரை டிகிரி முதல் ஒரு டிகிரிவரை குறைவாகக் காட்டலாம். அதிலும் அக்குளில் ஐஸ் பேக் வைத்துவிட்டு அதே அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகினால் ஐஸின் சூட்டைத்தான் அளப்பீர்கள். இது சின்னத் தவறாகத் தெரியும், ஆனால் வார்டுகளில் அடிக்கடி நடப்பது.

குளிரவைக்கத் தொடங்கினால் உள்சூட்டைத் தொடர்ந்து காட்டும் புரோப், அதாவது உடம்புக்குள் வைக்கும் வெப்ப அளவி வேண்டும். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், இதயத்துக்குப் பின்னால் நிற்கும் புரோப் மாற்றத்தைச் சீக்கிரம் காட்டும். சிறுநீர்ப்பை புரோப் வசதியானது, ஆனால் சிறுநீர் சரியாக வராவிட்டால் அதை நம்ப முடியாது. மலக்குடல் புரோப் மெதுவாகத்தான் பின்தொடரும். நோயாளியின் சூடு இறங்கிய பிறகும் பழைய எண்ணையே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும், அதை நம்பிக் குளிரவைத்துக்கொண்டே போனால் தேவைக்குமேல் இறங்கிவிடும். பிளேட்லெட் குறைந்த டெங்கு நோயாளிக்கு மலக்குடலில் எதையும் செருகுவதைத் தவிர்ப்பது நல்லது.

ஈரத்துணியின் கணக்கு

60 கிலோ எடையுள்ளவரின் உடம்பை ஒரு டிகிரி இறக்க ஏறத்தாழ 50 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஐஸ் கட்டி உருகி அதை உறிஞ்சவேண்டுமானால் 600 கிராமுக்குமேல் முழுதாக, அதுவும் நோயாளியின் சூட்டிலேயே, உருக வேண்டும். பாதி ஐஸ் அறைக் காற்றில்தான் உருகும். அதே 50 கிலோ கலோரியைத் தோலின்மேல் ஆவியாகும் 85 மில்லி தண்ணீர் எடுத்துப் போய்விடும், ஒரு காபி டம்ளர்கூட இல்லை. இதற்குள் உடம்பு சும்மா இருக்காது, படுத்திருந்தாலே மணிக்கு 60, 70 கிலோ கலோரி புதிதாக உற்பத்தி செய்துகொண்டிருக்கும். அதனால் ஒருமுறை துடைத்து விட்டுவிடுவதில் பலன் குறைவு.

ஆவியாவதுதான் குளிர்விக்கிறது, ஈரம் அல்ல. இது தெரிந்தால் ஸ்பாஞ்சிங்கில், அதாவது ஈரத்துணியால் துடைப்பதில் நடக்கும் பாதித் தவறுகள் தானாகப் போய்விடும். நனைந்த கனமான துண்டை நெஞ்சின்மேல் போட்டு அப்படியே விட்டால், சற்று நேரத்தில் அது உடம்புச் சூட்டுக்கு வந்து போர்வைபோல ஆகிவிடும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஊற்றினாலும் அது படுக்கையில் இறங்குமே தவிர ஆவியாகாது. மெல்லிய ஈரப்படலமும் அதன்மேல் காற்றும்தான் தேவை. சித்திரை, வைகாசியில் தருமபுரிப் பக்கம் காற்று காய்ந்திருக்கும், அப்போது இந்த முறை மிகச் சிறப்பாக வேலை செய்யும். ஐப்பசி மழையில், ஏ.சி. இல்லாத வார்டில், துளிகள் தோலில் அப்படியே நிற்கும். அன்றைக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

செய்யும் விதம் இது. திரையை இழுத்துவிட்டு, நோயாளியின் அடியில் மெக்கின்டாஷ் என்னும் ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் சுமார் 30 டிகிரி இருக்கட்டும், கைக்கு மிதமாகப் படவேண்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், அது தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி உள்சூட்டை உள்ளேயே பூட்டிவிடும், நடுக்கத்தையும் கிளப்பும். நாலைந்து சின்னத் துணிகளை நன்றாகப் பிழிந்து கை, கால், முதுகு, வயிறு என்று வரிசையாக, அழுத்தித் தேய்க்காமல் ஈரப்படுத்த வேண்டும். துவட்டக் கூடாது, தானாகக் காயவேண்டும். காயக் காயத் திரும்ப நனைக்க வேண்டும். 20 முதல் 30 நிமிடம் செய்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை புரோப்பைப் பாருங்கள். இலக்குக்கு அரை டிகிரி மேலே இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், அதன்பிறகும் சூடு கொஞ்சம் தானாக இறங்கும்.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகிய மருந்துக் குழாய்) போட்ட இடம், காயக்கட்டு, இ.சி.ஜி. ஒட்டுகள் நனையக் கூடாது. பக்கத்தில் உலர்ந்த துண்டு ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். திடீரென இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கவேண்டி வந்தால் முதலில் நெஞ்சை உலரத் துடைக்க வேண்டும். மின்விசிறி வைப்பதற்கு முன் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு விதியைப் பாருங்கள். காசநோய், சின்னம்மை போலக் காற்றில் பரவும் நோய் சந்தேகம் உள்ளவருக்கு விசிறி கூடாது.

ஸ்பிரிட்டிலோ ஓடிகொலோனிலோ துணியை நனைத்து வைக்கும் பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆல்கஹால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், ஆக்சிஜன் ஓடும் அறையில் தீ ஆபத்தும் உண்டு. உறவினர்கள் அன்போடு கொண்டுவந்தாலும் ஐ.சி.யூ.வுக்குள் அதற்கு இடமில்லை.

ஐஸ் பேக்

கழுத்தின் பக்கவாட்டு, இரண்டு அக்குள், இரண்டு தொடை இடுக்கு ஆகியவை பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடும் இடங்கள். ஐஸ் பேக்கை ஒரு சுற்று மெல்லிய துணியில் சுற்றி வைத்து, 15 முதல் 20 நிமிடத்தில் எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும். வெளுத்தோ, ஊதாவாகவோ, மரத்தோ இருந்தால் அந்த இடத்தில் மறுபடி வைக்கக் கூடாது. மயக்கத்தில் உள்ளவர் "எரியுது" என்று சொல்லமாட்டார், உங்கள் கண்தான் அவருக்குக் காவல்.

கையுறையில் தண்ணீர் நிரப்பி உறையவைப்பது பல வார்டுகளில் கைவந்த வேலை. அவசரத்துக்கு அது சரிதான், ஆனால் விரல் நுனிகள் குத்தும், பொத்துக்கொண்டு ஒழுகும். ஜிப் உறையில் பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துப் போட்டால் உடம்போடு படிந்து உட்காரும், வெப்பமும் நன்றாகக் கடத்தும். தொடையில் லைன் இருந்தால் அந்தப் பக்கம் வைக்க வேண்டாம். தலைக்காய நோயாளிக்குக் கழுத்தில் அழுத்தம் விழக் கூடாது, கழுத்துச் சிரை வழியாக ரத்தம் இறங்குவது தடைப்பட்டால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். நார்அட்ரினலின் அதிகம் ஓடுபவரின் விரல்கள் ஏற்கெனவே ரத்தம் குறைந்து கிடக்கும், கைகால் நுனிகளுக்கு ஐஸ் வேண்டவே வேண்டாம்.

குளிர்நீர் விரிப்பு

கூலிங் பிளாங்கெட் என்று அழைக்கப்படும் கருவியில், தொட்டியிலுள்ள நீரைக் குளிரவைத்து, குழாய் வழியாக விரிப்புக்குள் சுற்றவிடுகிறார்கள். நீரின் சூடு பொதுவாக 4 முதல் 42 டிகிரிவரை மாறும். இந்த இரண்டாவது எண்ணை மறக்காதீர்கள், இந்தக் கருவி சூடேற்றவும் செய்யும். ஆட்டோ முறையில் நோயாளியின் புரோப் சொல்வதைக் கேட்டு அது தானாக இயங்கும். புரோப் நழுவி மெத்தையில் விழுந்தால் அறையின் 26 டிகிரியைப் பார்த்துவிட்டு, "ஆள் உறைந்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு, காய்ச்சல்காரரைச் சூடாக்கத் தொடங்கக்கூடும். பல கருவிகள் அலாரம் அடிக்கும், அலாரத்தைக் காரணம் பார்க்காமல் அமர்த்துவதில்தான் ஆபத்து. நோயாளியைப் புரட்டும்போதெல்லாம் புரோப் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் எண்ணை வேறொரு தெர்மாமீட்டரோடு ஷிப்டுக்கு ஒருமுறையாவது ஒப்பிடுங்கள்.

விரிப்பை அடியில் மட்டும் போட்டால் பலன் குறைவு. உடம்பு எடையில் முதுகுத் தோலின் ரத்த ஓட்டம் அழுந்திப்போகும், வெப்பம் வெளியேறாது, படுக்கைப்புண்ணுக்கும் வழியாகும். மேலே போர்த்தினால், அல்லது மேலும் கீழும் போட்டால் நல்லது. நடுவில் ஒற்றை விரிப்புத் துணி போதும், மடிப்பு இல்லாமல் இருக்கட்டும். விரிப்பில் ஊசி, கிளிப் குத்தக் கூடாது. குழாய் படுக்கைக் கம்பியில் மடங்கினால் நீரோட்டம் நின்றுவிடும், திரையில் எண் மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். கையை வைத்து விரிப்பு எல்லா இடத்திலும் குளிர்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்கள்.

தொட்டியில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். நம் பக்கத்து போர்த் தண்ணீர் கடினமானது, வெள்ளையாக உப்புப் படிந்து குழாய்களை அடைக்கும். தேங்கிய நீரில் கிருமியும் வளரும். கருவியின் கையேடு சொல்லும் நீரை மட்டும் ஊற்றி, அது சொல்லும் இடைவெளியில் வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

தோலோடு ஒட்டிக்கொள்ளும் ஹைட்ரோஜெல் பேடுகள் இன்னும் துல்லியமானவை. உடம்பின் மேற்பரப்பில் சுமார் 40 சதவீதத்தை மூடும். விலை அதிகம், ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட முடியாது. குளிர்காற்று விரிப்புகளால் பெரிதாக இறங்காது, காற்று வெப்பத்தைக் கொஞ்சமாகத்தான் சுமக்கும்.

நடுக்கம்

நடுக்கம் கையில் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. கன்னத்து மெல்லும் தசையில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வாக அது முதலில் தெரியும். இ.சி.ஜி. கோட்டில் காரணமில்லாத கசகசப்பு வரும். அடுத்தது கழுத்தும் நெஞ்சும், பிறகு கைகள், கடைசியில் முழு உடம்பு. கழுத்தும் நெஞ்சும் அதிர்ந்தால் 1, கைகள் சேர்ந்தால் 2, உடம்பு முழுக்க என்றால் 3 என்று படுக்கையருகே மதிப்பிட்டு மணிக்கு ஒருமுறை குறித்து வைக்கலாம்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது: உள்ளங்கை, பாதம், முகத்தைக் கதகதப்பாக வைப்பது. நடுங்கலாமா வேண்டாமா என்று மூளை முடிவெடுப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தோல் அனுப்பும் செய்தி. கால்களுக்குத் துணி உறை மாட்டி, கைகளை மெல்லிய துண்டில் சுற்றிவிட்டு, நெஞ்சிலும் தொடையிலும் குளிரவைத்தால் மூளைக்குக் குளிர்ச் செய்தி குறைவாகவே போகும். "குளிரவைக்கும்போது கையைச் சுற்றுகிறீர்களே" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். கூடவே பாராசிட்டமால் நேரத்துக்குப் போகவேண்டும், சென்சாரை இறக்குவது அதுதானே. பிறகும் நிற்காவிட்டால் மக்னீசியம், டெக்ஸ்மெடிடோமிடின், ஃபென்டனில், புரோபோஃபால் என்று மருத்துவர் படிப்படியாகப் போவார். தசையைத் தளர்த்தும் மருந்து கடைசிப் படி. அது நடுக்கத்தோடு வலிப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும், மூளை அடிபட்டவரிடம் இது பெரிய அபாயம்.

வெயில் தாக்கியவர் வந்தால் மட்டும் இந்த நிதானம் எல்லாம் பொருந்தாது. 40 டிகிரிக்கு மேல் சூடு, நினைவு தடுமாற்றம் என்றால் உடைகளைக் களைந்து, உடம்பு முழுக்க நனைத்து, விசிறியும் ஐஸும் ஒன்றாகச் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் 39-க்குக் கீழே கொண்டுவரப் பார்க்க வேண்டும். 38.5 முதல் 39-க்குள் வந்ததும் நிறுத்திவிடலாம். மற்றக் காய்ச்சல்களில் மணிக்கு அரை முதல் ஒரு டிகிரி இறங்கினால் போதும்.

கருவி போட்டதும் வரும் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சார்ட்டில் 37, 37, 37 என்று நேர்க்கோடு போகும், "காய்ச்சல் விட்டது" என்று எழுதிவிடுவார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுற்றவிடும் தொடர் டயாலிசிஸ் ஓடினாலும் இதேபோல் காய்ச்சல் மறைந்துவிடும். உண்மை விரிப்பில் ஓடும் நீரின் சூட்டில் இருக்கிறது. நேற்று 22 டிகிரி நீரில் 37-இல் நின்றவருக்கு இன்று அதே 37-க்கு 8 டிகிரி நீர் தேவைப்படுகிறது என்றால் உள்ளே தீ பெரிதாகியிருக்கிறது. மருத்துவரிடம் சொல்லுங்கள், புதிய தொற்று தேடி ரத்தக் கல்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கவேண்டி வரலாம். நோயாளியின் சூட்டுக்குப் பக்கத்தில் நீரின் சூட்டையும் ஒரு வரிசையாக எழுதினால் ஷிப்டு மாறும்போது இது யார் கண்ணுக்கும் தப்பாது.

நிறுத்தும்போது சட்டென்று அணைத்துவிட்டால் சூடு எகிறிக்கொண்டு மேலே போகலாம், குறிப்பாக முதல் சில மணி நேரத்தில். கருவியை நிறுத்தினாலும் விரிப்பையும் புரோப்பையும் அடுத்த ஒரு நாளாவது இருந்த இடத்திலேயே வையுங்கள். தலையில் அடிபட்டவருக்கு நள்ளிரவில் மறுபடி 38.5 தொட்டால், கருவியை ஸ்டோரிலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டியிருக்காது, சுவிட்சைப் போட்டால் போதும்.